நாளை மலைக்குப் போகலாமா? இன்றிரவுக்குள் பதில் வேண்டும்

புதியவன்:
இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அலுவலக நண்பர்கள் நாளை பனிமலையில் நடக்க அழைக்கிறார்கள். வெயில் நன்றாக அடிக்கிறது. ஆனால் பனிச்சரிவு எச்சரிக்கை 3 என்று போட்டிருக்கிறது. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம்தானே? வரவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பனிக்காலப் பழையவர்:
முதலில் காலணியைக் கவனியுங்கள் தம்பி. என் முதல் குளிர்காலத்தில் வழவழப்பான அடியுள்ள காலணியோடு ஒரே படிக்கட்டில் மூன்று முறை விழுந்தேன். கை நீட்ட ஒருவரும் வரவில்லை.

மலைப்பித்தன்:
வசந்தத்தில் பனி இறுகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

கிழக்குச்சரிவு:
இறுகுவது இரவில். மதியம் அதே பனி ஈரத் துணி போலக் கனத்துச் சரியும். அரைகுறையாகச் சொல்லாதீர்கள்.

பனிக்காலப் பழையவர்:
இங்கே எதையும் யாரும் விளக்குவதே இல்லை. வாசல் பனியை அள்ளவில்லை என்று எனக்கு அபராதம் வந்த பிறகுதான் அப்படியொரு விதி இருப்பதே தெரிந்தது.

மலைப்பித்தன்:
எனக்கும் இரண்டு முறை!

கிழக்குச்சரிவு:
அபராதக் கதை பிறகு. தம்பி, எந்த மலை, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். 3 நடுத்தரம் அல்ல. 4, 5 என்றால் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்; 3-இல் துணிந்து போகிறார்கள், உயிரிழப்பும் அங்கேதான் அதிகம். இன்றிரவு வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் பனி வெப்பத்தை இழந்து உறையும். மேகம் மூடினால் சரியாக உறையாது. அப்படியானால் விடியற்காலையிலும் நம்ப முடியாது. வெயில் முதலில் கிழக்குச் சரிவையும், பிறகு தெற்கையும், கடைசியில் மேற்கையும் இளக்கும். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் ஏறாதீர்கள், அதன் அடியிலும் நிற்காதீர்கள். கால் கணுக்கால்வரை புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலோ உடனே திரும்புங்கள். ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்தித் துழாவும் கோல், மண்வாரி மூன்றும் வேண்டும். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான்; மீட்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது.

புதியவன்:
நன்றி அண்ணா. மதியம் ஒரு மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னார்கள். கருவி பற்றி ஒன்றும் பேசவில்லை.

கிழக்குச்சரிவு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். அவர்களையும் போகவிடாதீர்கள்.