ஐ5-3470, எச்61 போர்ட்: விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்டா?

கல்லடிப்பாலம்
கல்லடியில ஒரு ஃபோட்டோகொப்பி கடைக்கான அசெம்பிள் மெஷின். ஐ5-3470, எச்61 போர்ட், டிடிஆர்3 4 ஜிபி ரேம் ரெண்டு, 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, கேனன் எல்பிபி2900 பிரிண்டர். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் பாதுகாப்புச் சிப் இல்ல. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. அந்தக் கட்டாயத்தை பைபாஸ் பண்ணி 11ஐப் போடுறதா, லினக்ஸ் மின்ட் போடுறதா? பாமினி ஃபொன்ட்ல அடிச்ச பழைய ஃபைல் நிறையக் கிடக்கு.

வாவிமீன்
11ஐயே போடுங்க. 16 ஜிபி பென் டிரைவ் ஒண்டு, அதை இன்ஸ்டோல் பென்னாக்கிற ரூஃபஸ் சொஃப்ட்வேர். விண்டோஸ் ஐஎஸ்ஓ ஃபைலைக் குடுத்து ஸ்டார்ட் அழுத்தினா ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 கட்டாயத்தை நீக்குற வரியில டிக் போட்டா சரி. கவனிக்க வேண்டியது பூட் மெனு. ஒரே பென் அதுல ரெண்டு தரம் தெரியும், ஒண்டுக்கு முன்னால யூஇஎஃப்ஐ (புது பூட் முறை) எண்டு இருக்கும். டிஸ்க் எம்பிஆர் எண்ட பழைய பார்ட்டிஷன் முறையில இருக்க யூஇஎஃப்ஐ வரியால உள்ள போனா, புது முறையான ஜிபிடி டிஸ்க்லதான் போட ஏலும் எண்டு இன்ஸ்டோல் நிண்டுடும். டேட்டாவை வேற டிஸ்க்ல எடுத்துட்டு எல்லாப் பார்ட்டிஷனையும் அழிச்சா அதுவே ஜிபிடி ஆக்கிக்கும். 10 டிஜிட்டல் லைசன்ஸ்ல இருந்தா 11ம் அதே மெஷின்ல அக்டிவேட் ஆகும்.

அக்கரைப்பற்று_கடல்
போடுறது லேசுதான் நானா, வச்சிருக்கிறதுதான் கஷ்டம். சப்போர்ட் இல்லாத மெஷினுக்கு மாசாந்த அப்டேட் வந்தாலும் அது உங்கட உரிமை இல்லையெண்டு மைக்ரோசொஃப்டே எழுதி வச்சிருக்கு. வருஷாந்தப் புது வேர்ஷன் தானா வராது. 11இட 24எச்2 வேர்ஷன் ஹோம், ப்ரோவுக்கு 2026 ஒக்டோபர் 13 கடைசி. ஒவ்வொரு முறையும் யாராவது பென்னோட போய் நிக்கணும். இது ஃபோட்டோகொப்பி கடை. ஊராரிட அடையாள அட்டை, பேங்க் புத்தகம், பாஸ்போர்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி டெஸ்க்டொப்ல கிடக்கும். வாடிக்கையாளர் கொண்டாற பென்ல பாதி ஷோர்ட்கட் வைரஸ். மின்ட்ல அந்த ஃபைல் சும்மா கிடக்கும், ஓடாது. மின்ட் 22 உபுண்டு 24.04க்கு மேல கட்டினது, 2029 வரை அப்டேட் இருக்கு. 8 ஜிபில அதுட பாரம் குறைஞ்ச எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு தாராளமா ஓடும்.

வாவிமீன்
பாதுகாப்பு பற்றிச் சொன்னதுல மறுப்பில்ல. ஆனா எல்பிபி2900 பிரிண்டரை மறந்துட்டீங்க. அது கேப்ட் எண்ட கேனன்ட சொந்த முறையில ஓடுற பிரிண்டர். கேனன் லினக்ஸுக்குத் தந்த டிரைவர் பழசு, தனியா ஒரு சேவையைப் பின்னால ஓடவிட்டுத்தான் அச்சடிக்கும். அது அடிக்கடி விழும், பிரிண்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா தொடர்பு அறுந்துடும். விண்டோஸ்ல 10க்கான 64-பிட் டிரைவரே 11லயும் ஓடுது. கொப்பி கடையில பிரிண்டர் நிண்டா கடை நிண்ட மாதிரி.

பாமினியும் அப்படித்தான். அது எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரித் தெரியுற யூனிகோட் இல்ல. ஃபைலுக்குள்ள கிடக்கிறது ஆங்கில எழுத்து, ஃபொன்ட்தான் எஃப் எண்டதை க மாதிரிக் காட்டுது. லிப்ரே ஒஃபிஸ்ல ஃபொன்டைப் போட்டா வாசிக்கலாம், ஆனா வேர்ட்ல கட்டின கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல் டெக்ஸ்ட் பொக்ஸெல்லாம் நகரும். பேஜ்மேக்கரை வைன்ல (விண்டோஸ் சொஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டுறது) ஓட்டி நேரத்துக்கு நோட்டீஸ் குடுக்க ஏலாது.

செங்கலடி_சோல்டர்
தம்பிமார், ரெண்டு பேரும் போர்டைப் பார்க்காமச் சண்டை பிடிக்கிறீங்க. எச்61ல சாட்டா 3 ஜிகாபிட்தான், யூஎஸ்பி 3.0 சிப்செட்ல இல்ல. அதனால எஸ்எஸ்டி 250, 280 மெகாபைட் வேகத்துக்கு மேல போகாது. அது பழுது இல்ல. முதல் சிஆர்2032 பற்றரியை மாத்துங்க. அது செத்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பயாஸ் பழையபடி போகும். டிஸ்க் ஓடுற முறை ஏஎச்சிஐல இருந்து ஐடிஈ ஆக மாறினா விண்டோஸ் நீலத்திரையில பூட் டிவைஸ் கிடைக்கலெண்டு நிக்கும். ஓஎஸ் கெட்டுப்போச்செண்டு நினைச்சு ஆக்கள் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுறாங்க. தேதியும் பின்னால போய் அப்டேட், பேங்க் தளம் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும்.

கடற்கரைப் பக்கம் எண்டா ரேமையும் கழட்டிப் பாருங்க. தங்கப் பல்லுல உப்புப் படிஞ்சு கறுத்திருக்கும். ஐசோப்ரோப்பைல் அல்ககோலால துடைச்சு, காய்ஞ்ச பிறகு கிளிக் சத்தம் ரெண்டு பக்கமும் கேட்கிற வரை அழுத்துங்க. அதுக்குப் பிறகு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்டை ஒரு முழுச் சுற்று விடுங்க. ஒரு பிழை வந்தாலும் ஓஎஸ் போடப் போகாதீங்க.

அக்கரைப்பற்று_கடல்
இந்த சிபியூவில இன்னொரு விஷயம் இருக்கு. 3470 ஐவி பிரிட்ஜ் தலைமுறை, அதுல மெமரி பாதுகாப்புக்கு உதவுற எம்பிஈசி வசதி இல்ல, அது 7ஆம் தலைமுறையிலதான் வந்தது. 11ல மெமரி இன்டெக்ரிட்டி எண்ட பாதுகாப்பை ஓன் பண்ணினா அந்த வேலையை சொஃப்ட்வேரால செய்யுது, மெஷின் இழுக்கும். அதை ஓஃப் பண்ணினா 11 தாற பாதுகாப்புல பெரிய பங்கு போச்சு. இதுல உள்ள எச்டி 2500 கிராஃபிக்ஸுக்கும் இன்டெல் 11க்கெண்டு டிரைவர் தரல்ல.

வாவிமீன்
அது ஓம். மெமரி இன்டெக்ரிட்டியை ஓஃப் பண்ணித்தான் ஓட்டணும். ஆனா 24எச்2 கேட்கிற எஸ்எஸ்ஈ4.2 கட்டளைகள் 3470ல இருக்கு, அதனால 24எச்2 பூட் ஆகும். கோர் 2 டுவோவில அது இல்ல, எந்தப் பைபாஸும் உதவாது. இதை வாசிக்கிற ஆரும் அந்த மெஷின்ல நேரத்தை வீணாக்க வேணாம்.

கல்லடிப்பாலம்
அப்ப 10லயே இருந்தா?

செங்கலடி_சோல்டர்
10இட கடைசி வேர்ஷன் 22எச்2 ஆக இருந்தா ஈஎஸ்யூ எண்ட நீட்டிச்ச அப்டேட் திட்டத்துல சேரலாம், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசொஃப்ட் அக்கவுன்ட் தேவை. அந்தக் கால அவகாசத்துக்குள்ள இன்னொரு 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மின்டை அதுல வைங்க. வாடிக்கையாளர் பென், ஸ்கேன், இன்டர்நெட் எல்லாம் மின்ட்ல. பாமினி ஃபைலும் எல்பிபியும் விண்டோஸ்ல. மின்ட் இன்ஸ்டோல் பண்ணக்குள்ள விண்டோஸ் டிஸ்கிட சாட்டா வயரைக் கழட்டி வைங்க, இல்லாட்டி பூட்லோடர் மற்ற டிஸ்க்ல போய் உக்காரும். புது வேலையை மின்ட்ல ரெங்கநாதன் கீபோர்டோட யூனிகோட்ல அடிக்கலாம். அது லினக்ஸ்ல தட்டச்சுக்கு உள்ள ஐபஸ் எம்17என்ல இருக்கு. பாமினி பழகின விரலுக்கு க, த எல்லாம் அதே இடத்துல இருக்கும்.

அக்கரைப்பற்று_கடல்
இதுக்கு நான் ஒத்துக்கிறேன், ஆனா அப்டேட் எடுக்கிற நேரம் தவிர விண்டோஸ் பக்கத்துல லேன் வயரைப் போடாதீங்க. ஈஎஸ்யூ முடிஞ்ச பிறகு கட்டாயம் போடவே கூடாது.

வாவிமீன்
லேன் இல்லாம வச்சா சரி. ரெண்டும் மாறி மாறி ஓடக்குள்ள விண்டோஸ் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னால போகும். மின்ட் ஹார்ட்வேர் குளொக்கை யூடிசியில (உலகப் பொது நேரம்) வைக்குது, விண்டோஸ் அதையே நம்ம நேரமெண்டு வாசிக்குது. மின்ட்ல டைம்டேட்கன்ட்ரோல் (timedatectl) கட்டளையால குளொக்கை லோக்கல் நேரத்துக்கு மாத்திவிட்டா பில்லில தேதி பிழைக்காது.