பருவமழைக்கு முன் ஹாம் ரேடியோ செட்டைச் சோதிப்பது எப்படி?

குளச்சல் அலைவரிசை:
அனைவருக்கும் வணக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. அப்படி ஒரு நிலை மீண்டும் வந்தால் உதவ வேண்டும் என்பதற்காகவே நான் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றேன். என்னிடம் 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட், 12 வோல்ட் பேட்டரி, 5 வாட் கையடக்க செட் ஆகியவை உள்ளன. வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கின்றன, எஸ்.டபிள்யூ.ஆர். அளவும் (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது) நன்றாக இருக்கிறது. நெருக்கடி நேரத்திலும் இவை கைகொடுக்குமா என்பதை எப்படிச் சோதித்து அறிவது?

தக்கலை ஹாம்:
தம்பி, முதலில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேட்டரியில் மட்டும் செட்டை இயக்கிப் பாருங்கள். கேட்கும்போது சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கும் 100 வாட் செட், பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே மின்னழுத்தத்தைப் பேட்டரி முனையில் அளந்தால் போதாது. பேசிக்கொண்டிருக்கும்போதே செட்டின் பின்புற முனையில் அளக்க வேண்டும். வயரிலும் ஃபியூஸ் பிடிப்பானிலும் சேர்த்து 0.05 ஓம் தடை இருந்தாலே அங்கு ஒரு வோல்ட் குறைந்துவிடும். பேட்டரி பாதி தீர்ந்த நிலையில் அந்த ஒரு வோல்ட்தான் செட்டை அணைத்துவிடுகிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். உப்புக் காற்று படும் இடத்தில் செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளுக்குள் நீர் இறங்கினால், கேபிளே ஆற்றலை விழுங்கிவிடுவதால் ஆன்டெனா கெட்டுப்போயிருந்தாலும் மீட்டர் நல்ல அளவையே காட்டும். கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (ஆற்றலை வெப்பமாக்கிவிடும் மின்தடை) பொருத்தி, இரண்டு முனைகளிலும் வாட் அளவை எடுத்து ஒப்பிடுங்கள். கனெக்டரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டுப் புதிய கனெக்டரைப் பொருத்தி, மேலே நீர் புகாத நாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள்.

குலசேகரம் வானொலி:
தக்கலை அண்ணன் சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், குளச்சலில் இருந்து கையடக்க செட்டில் பேசினால் இடையில் நிற்கும் குன்றுகள் மறித்துவிடும். எந்தெந்த ஊர் கேட்கிறது என்பதை நேரில் சென்று சோதித்துக் குறித்து வைத்துக்கொள்வதே வழி. குன்றுகளுக்கு இந்தப்புறம், எங்கள் குலசேகரம் பக்கம் உள்ளவர்களுடன் பேச 7 மெகாஹெர்ட்ஸ்தான் உதவும். அதற்குச் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள டைபோலை (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆன்டெனா) நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டினாலே அலை மேல்நோக்கிச் சென்று திரும்பி, அருகிலுள்ள மாவட்டங்களில் இறங்கும். இது பகலில்தான் உறுதி. நள்ளிரவுக்குப் பின் அதே அலை பெரும்பாலும் திரும்பாது, அந்நேரத்திற்காக 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுள்ள கம்பியையும் தயாராக வைத்திருங்கள். எங்கள் பகுதி ஹாம்கள் 7110, 3600 கிலோஹெர்ட்ஸ்களை நினைவில் வைத்திருக்கிறோம். இவை நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்திற்கான அவசரத் தொடர்பு அலைவரிசைகள். பேச்சுப் பயிற்சியும் தேவை: ஊர்ப் பெயர், மருந்தின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை அடங்கிய ஒரு செய்தியை எழுதிப் படித்து, மறுமுனையில் இருப்பவர் எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். இரைச்சலில் பிழைகள் எங்கே நுழைகின்றன என்பது அப்போது தெரியவரும்.

குளச்சல் அலைவரிசை:
மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு 7110-இல் காத்திருப்பேன். இரவு 3600-க்கு மாறுவேன். குலசேகரம் அண்ணன், அந்த நேரத்தில் நீங்கள் ஒரு செய்தியை வாசித்தால் எழுதித் திருப்பிச் சொல்கிறேன்.