ஹார்ட் ஃபெயிலியர்: நம்ம ஊர்ச் சாப்பாட்டுல உப்பு எங்க ஒளிஞ்சிருக்கு?

பேட்டைக்காரன்:
அப்பாவுக்கு 68 வயசு. அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாச்சு. இதயம் பம்ப் பண்ற சக்தி குறைவுன்னு சொல்லி, ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், தண்ணி ஒன்றரை லிட்டர், அதுக்கு மேல கூடாதுன்னுட்டாங்க. காலையில இட்லி, மத்தியானம் சோறு, புளிக்குழம்பு, மோர்மிளகாய், ராத்திரி தோசை. குழம்புல உப்பைப் பாதியாக் குறைச்சும் கால் வீக்கம் வடியல. எங்க விடுறோம்? இந்துப்புக்கு மாறலாமா? மாசம் ஒரு தடவை சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) கொடுக்கலாமா?

சமாதானபுரம் டயட்:
அண்ணாச்சி, வீக்கத்தை முதல்ல டாக்டர்கிட்ட காட்டிருங்க. மாத்திரை அளவை மாத்த வேண்டியிருக்கலாம்.

உங்க வீட்டு உப்பு மாவுல இருக்கு. ஒரு கிலோ இட்லி மாவுக்கு ரெண்டு டீஸ்பூன் பொடியுப்பு போட்டா சுமார் 10 கிராம். அதுல 20 இட்லி வந்தா ஒண்ணுக்கு அரை கிராம். காலையில நாலு இட்லின்னா 2 கிராம், ராத்திரி மூணு தோசையில இன்னொரு 2 கிராம். சட்னி தொடுமுன்னே 4 கிராம் ஆயிட்டு. மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாயை அவர் இலையில வைக்கவே வேண்டாம்.

மாவு அரைச்ச கையோட அவர் பங்கை உப்பில்லாம தனித் தூக்குச்சட்டியில எடுத்து வைங்க. உப்பில்லாமலும் நல்லாப் பொங்கும். ஆனா புளிப்பை மட்டுப்படுத்துறதே உப்புதான், அதனால நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் புளிச்சிரும். பொங்கினதும் ஃபிரிட்ஜுல வச்சிருங்க.

தினமும் காலையில 3 கிராம் உப்பை (தலைதட்டி அரை டீஸ்பூன், கூட ஒரு சிட்டிகை) சின்ன டப்பாவுல போட்டு வைங்க. அன்னிக்கு அவருக்கு எல்லாமே அதுலேர்ந்துதான். பால், மோர், மீன், காய்ல இயல்பாவே சோடியம் இருக்கு, அதுக்கு இடம் விட்டுத்தான் 3 கிராம். குழம்பை உப்பில்லாம கொதிக்க விட்டு, அவர் பங்கை எடுத்தப்புறம் மத்தவங்களுக்கு உப்பு போடுங்க. அவருக்குச் சாப்பிடும்போது மேலாகத் தூவினா குறைஞ்ச உப்பே நாக்குல எடுத்துக் கொடுக்கும். கல்லுப்பை ஸ்பூன்ல அளக்காதீங்க, கல்லோட பருமனுக்குத் தக்க எடை மாறும்.

மேலப்பாளையம் பார்மசி:
இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், மாறி லாபமில்ல. நான் பயப்படுறது 'லோ சோடியம்'னு விக்கிற உப்பைப் பத்தி. அதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி இதயத்துக்குக் கொடுக்குற மாத்திரைகள் ஏற்கெனவே உடம்புல பொட்டாசியத்தைத் தேக்கும். ரெண்டும் சேர்ந்தா இதயத்துடிப்பு தாறுமாறாப் போகலாம். கிட்னி பலவீனம்னா ஆபத்து இன்னும் கூட. டாக்டர்கிட்ட கேக்காம வாங்கவே வாங்காதீங்க. இளநீர்லயும் பொட்டாசியம் உண்டு, அதுவும் அப்படித்தான்.

தண்ணிக் கணக்குல காபி, மோர், ரசம், கஞ்சி, நீத்தண்ணி எல்லாம் சேரும். காலையில ஒன்றரை லிட்டரைப் பாட்டில்ல நிரப்பி வைங்க. 150 மில்லி காபி குடிச்சா பாட்டில்லேர்ந்து 150 மில்லியை எடுத்து ஊத்திருங்க. தினமும் காலையில ஒண்ணுக்குப் போயிட்டு, சாப்பிடுமுன்ன, ஒரே மெஷின்ல எடை பாருங்க. மூணு நாளைக்குள்ள 2 கிலோ ஏறினா உடம்புல நீர் தேங்குதுன்னு அர்த்தம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

தென்காசிச் சாரல்:
மறுவீட்டுச் சொதியை அப்படியே வைக்க முடியாது, மாத்தி வைக்கலாம். தேங்காய்க் கொழுப்புல சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). அது அதிகம் இறங்குறது முதல் பால்ல. அதை விட்டுட்டு, ரெண்டாம் மூணாம் பால்ல காயை வேக வைங்க. பாசிப்பருப்பை வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு எடுத்து, குழைய மசிச்சுச் சேர்த்தா கெட்டியா வரும். எலுமிச்சம்பழத்தை இறக்கி ஆறின பிறகு பிழியுங்க, கொதியில பிழிஞ்சா பால் திரிஞ்சிரும். தொட்டுக்க இஞ்சித் துவையல் போதும், உருளைக்கிழங்கு சிப்ஸ் வேண்டாம்.

மீன் சாப்பிடுற வீடுன்னா கருவாட்டை விட்டுருங்க. வெந்நீர்ல ஊறப்போட்டாலும் உப்பு முழுசாப் போகாது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வர்ற பச்சைச் சாளையை வாரம் ரெண்டு நாள் பொரிக்காம குழம்பா வைங்க.

மேலப்பாளையம் பார்மசி:
ஒண்ணு விட்டுப்போச்சு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் இல்ல அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுறாருன்னா முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவா வைங்க. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒண்ணுமில்லன்னா ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு) ஏறி இறங்கும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மட்டும்னா அந்தக் கணக்குத் தேவையில்ல.