‘டெம்பரேச்சர் ரேட்டிங்’குக்குத் தமிழில் என்ன? ‘தாங்குசூடு’ பொருந்துமா?

மடல் 1, கோலாலம்பூரிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். வாசலில் வைத்துச் சுடும் கேஸ் கிரில்லின் வயரிங் பழுது பற்றித் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். சூட்டில் உறை கெட்ட வயரை மாற்றும் இடத்தில் ‘வெப்பத்தடைக் கம்பி பயன்படுத்துக’ என்று போட்டிருக்கிறேன். சரியா? வேறு நல்ல சொல் உண்டா?

மடல் 2, பட்டர்வொர்த்திலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

> வெப்பத்தடைக் கம்பி பயன்படுத்துக

வேண்டாம். மின்தடை என்று படித்த பையனுக்கு இதைப் பார்த்ததும் டோஸ்டருக்குள் சிவக்கிற நிக்ரோம் கம்பிதான் நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘சூட்டைத் தாங்கும் வயர்’ என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் அது பொய்யாகாது. சுவருக்குள் ஓடும் சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி செல்சியஸ் தாங்கும். கருவிகளுக்குள் போடும் பிவிசியில் 105 டிகிரி வகை உண்டு. சிலிக்கோன் ரப்பர் உறை 180, 200 வரை போகும். டெஃப்லானில் 260 வரைக்கும் இருக்கிறது. எல்லாமே சூட்டைத் தாங்குகிறவைதாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆகவே வயருக்குப் பெயர் தேடுமுன் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். என் முன்மொழிவு: தாங்குசூடு. ‘சிலிக்கோன் வயர், தாங்குசூடு 200 டிகிரி, இரண்டு மீட்டர்’ என்று எழுதிக் கொடுத்தால், கோலாலம்பூரின் பூடு ஜாலான் பாசார் கடைத்தெருவில் போய் நிற்கிற பையன் தடுமாற மாட்டான்.

இந்த எண் எங்கே உதைக்கும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். கிரில்லின் முன்பலகைக்குப் பின்னால், குமிழ்களுக்கு அடியில்தான் வயர்கள் ஓடும். மூடியைத் திறந்துவைத்து நாலு சாத்தே குச்சி வாட்டினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மூடியை இறக்கி முழுக்கோழி வைத்தாலோ, தட்டில் தேங்கிய கொழுப்பு பற்றிக்கொண்டாலோதான் வினை. காற்றும் கெடுக்கும். பின்பக்கமிருந்து வீசினால் உள்ளே இருக்கிற சூட்டை முன்பலகைப் பக்கம் தள்ளிவிடும். இங்கே பினாங்கில் கடற்கரையோரம் இருப்பவர்கள் கிரில்லைத் திருப்பி வைத்தாலே பாதி வயர் பிழைக்கும்.

கெட்டுப்போவது படிப்படியாகத்தான். முதலில் உறை பளபளப்பு போய் விறைக்கும். அப்புறம் லேசாக வளைத்தாலே அப்பளம் போல நொறுங்கும். கடைசியில் கருகிக் கரியாகும், கரியோ மின்சாரத்தைக் கடத்தும். பற்றவைக்கும் வயரில் இது நடந்தால், பட்டனை அழுத்தும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், பர்னரில் பொறி வராது. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, வாயு கலையும்வரை பொறுத்திருந்து, இருட்டில் அழுத்திப் பாருங்கள். வயரின் நடுவிலிருந்தே பக்கத்துத் தகட்டுக்கு நீலப் பொறி தாவும்.

உறையை உரித்தால் செம்புப் புரிகள் கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த புரியில் கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) அடித்தால் அந்த இணைப்பே சூடேறும். பிவிசி டேப் சுற்றுகிறவர்களைக் கொஞ்சம் கடுமையாகவே கண்டியுங்கள். அந்த டேப்பின் தாங்குசூடு பெரும்பாலும் 80 முதல் 105 டிகிரிதான். பசை இளகி வழிந்து, மேலே எண்ணெய் படிந்து, அடுத்தவன் கை வைக்க முடியாதபடி ஆகிவிடும். ஈயப்பற்றும் அங்கே ஆகாது, 183 டிகிரியிலேயே இளகும். வயர், அதன்மேல் மாட்டும் குழாய் போன்ற ஸ்லீவ், கிரிம்ப் முனை, டேப் இவற்றில் எதன் தாங்குசூடு குறைவோ அதுதான் மொத்த இணைப்பின் தாங்குசூடு. இந்த ஒரு வரியை ‘வெப்பத்தடை’யை வைத்து எழுதிப் பாருங்கள், வராது.

மடல் 3, செந்தூலிலிருந்து

ஐயா, சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆசிரியராக எனக்கு இரண்டு தயக்கங்கள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று வகுப்பில் படாத பாடு பட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். ‘சூடு’ இரண்டையும் குழப்பிவிடாதா? ‘தாங்குவெப்பநிலை’ என்றால் பிழைக்கு இடமில்லை. அடுத்து, தாங்குவது வயர், சூடு அல்லவே. ‘தாங்குசூடு’ என்றால் சூடு எதையோ தாங்குவதுபோல் ஒலிக்கிறது.

மடல் 4, பட்டர்வொர்த்திலிருந்து

டீச்சர், இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குடிநீரில் நீரா குடிக்கிறது? வினைத்தொகையில் செயப்படுபொருளும் பின்னால் வந்து நிற்கும். அது வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ போட வேண்டாம் என்பதையும் தம்பி கவனிக்கணும்.

முதல் தயக்கம் நியாயமானது. ஆனால் ‘சூடு எத்தனை டிகிரி?’ என்று பட்டறையில் கேட்டால் யாரும் வெப்பத்தின் அலகான ஜூலில் பதில் சொல்வதில்லை. எண்ணோடு டிகிரி வந்துவிட்டால் அங்கே சூடு என்பது வெப்பநிலைதான். தாங்குவெப்பநிலை பிழையில்லாத சொல், ஆனால் வயர் உறைமேல் அச்சடிக்கும் அளவுக்குச் சுருக்கமில்லை. ஒரே பொருளுக்குப் பாடநூலில் ஒன்று, பட்டறையில் ஒன்று என்று வைத்தால் பையன்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘ரேட்டிங்’ என்றே சொல்வார்கள். நான் தாங்குசூட்டிலேயே நிற்கிறேன்.

இதே அச்சில் இன்னொன்றும் வேண்டும்: தாங்குமின்னழுத்தம். பற்றவைக்கும் பெட்டி ஒற்றை பேட்டரியின் 1.5 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. 600 வோல்ட் சிலிக்கோன் வயரை அங்கே போட்டால் சூட்டைத் தாங்கும், பொறியைத் தாங்காது, உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே பாயும். விளக்கு, கோழியைச் சுழற்றும் மோட்டார் ஆகியவற்றின் வயர்களுக்கு அந்த 600 தாராளம்.

மடல் 5, கோலாலம்பூரிலிருந்து

அண்ணே, டீச்சர், இருவருக்கும் நன்றி. திருத்திய வரி: ‘பழைய வயரை முழுதாக நீக்கி, தாங்குசூடு 200 டிகிரிக்கும் தாங்குமின்னழுத்தம் பற்றவைப்புப் பெட்டியின் வெளியீட்டுக்கும் குறையாத வயரைப் பொருத்துக. பர்னரிலிருந்து விலக்கி, பழைய கிளிப்புகளிலேயே மாட்டுக.’ டீச்சருக்கு மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘ஸ்லீவ்’ மட்டும் அப்படியே நிற்கிறது. ‘குழலுறை’ போடலாமா?