அம்மாவின் ஈறு நோய் திரும்பத் திரும்ப வருகிறது: வைரஸ் பரிசோதனையால் பயன் உண்டா?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. 14 மாதங்களாக ஈறு வீங்குகிறது, பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளம்) ஆழம் 6 மி.மீ. முறுக்கு என்றால் உயிரை விடுபவர், இப்போது அதைக் காப்பியில் ஊறவைத்துத் தின்கிறார்.

இரண்டு முறை பல் சுத்தம் செய்தாயிற்று. பிறகு மயக்க ஊசி போட்டு வேர்வரை சுரண்டினார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளை ஒரு வாரம் சாப்பிட்டார், 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடினில் வாய் கொப்பளித்தார். ஐந்தே வாரத்தில் வீக்கம் பழையபடி வந்துவிட்டது. சர்க்கரை நோய் இல்லை. வெற்றிலை, புகையிலைப் பழக்கமும் இல்லை.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது என்பதால்தான் இந்தச் சந்தேகம். எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ ஆகிய ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் ஈறுப் பைகளில் இருப்பதை 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. அவை அங்குள்ள நோய் எதிர்ப்பைக் குலைத்துப் பாக்டீரியாவுக்குக் கதவு திறந்துவிடுகின்றன என்பது ஒரு கருத்து. வீக்கம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த வெறும் விருந்தாளிகளாகவும் இருக்கலாம். பெரும்பாலோர் உடலில் உறங்கிக் கிடப்பவைதானே. எங்கள் பல் மருத்துவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

ஈறு நோய் மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்: ஈறுப் பை நீரில் இந்த வைரஸ்களுக்கு பி.சி.ஆர். பரிசோதனை செய்தால், அதன் முடிவு அம்மாவின் சிகிச்சையை மாற்றுமா?