பழைய டியூப் டிவியில் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு

அப்பா வாங்கிய 21 அங்குல கலர் டிவி, பிக்சர் டியூப் வகை. மூன்று வாரம் முன்பு, ஓட ஆரம்பித்துப் பதினைந்து நிமிடத்தில் படம் மேலும் கீழும் சுருங்கியது. ஐந்து நாளாக, போட்டவுடனே திரையின் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். சத்தம் சரியாக வருகிறது. கோடு திரையைச் சுட்டுவிடக் கூடாதே என்று பிரைட்னஸைக் குறைத்து, சில நொடிகள்தான் ஓட விடுகிறேன்.

பிளக்கைப் பிடுங்கி, டியூபைச் சுற்றியுள்ள எர்த் பின்னலில் கிளிப் மாட்டிய இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவரால் டியூபின் உயர் வோல்டேஜ் முனையான ஆனோடை இரண்டு முறை டிஸ்சார்ஜ் செய்தேன். மெயின் பில்டர் கெபாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதையும் மீட்டரில் பார்த்த பிறகுதான் போர்டில் கை வைத்தேன்.

படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிக்கல் ஐசி எல்ஏ7840. அதன் கால்களுக்கு மறுபடி சால்டர் வைத்தேன், பயனில்லை. அப்புறம் ஐசியையே மாற்றினேன். சுற்றியுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் புதிது. சப்ளை வரும் 6வது காலில் 24 வோல்ட் வருகிறது. டியூபின் கழுத்தில் கதிரை வளைக்கும் யோக்கின் வெர்டிக்கல் காயில் 12 ஓம் காட்டுகிறது, கனெக்டரும் இறுக்கமாகவே இருக்கிறது. கதிர் மேலே திரும்பும்போது ஐசிக்குக் கூடுதல் வோல்டேஜ் கிடைக்க உதவும் பம்ப்-அப் டையோடைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

மிச்சம், படச் சிக்னல்களைக் கையாளும் ஜங்கிள் ஐசியிலிருந்து வெர்டிக்கல் ஐசியை இயக்க வர வேண்டிய டிரைவ் சிக்னல்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் சிக்னலின் அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லை, டிவியை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரும் இல்லை. எந்தப் பக்கம் ஹாட் கிரவுண்ட் (மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள கிரவுண்ட்) என்பதைப் பார்த்து, டிவி ஓடும்போது ஒரு கையால் மட்டுமே அளக்கிறேன். இந்த டிவியைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

டிரைவ் சிக்னல் வெர்டிக்கல் ஐசிக்கு வருகிறதா இல்லையா என்பதை வெறும் மல்டிமீட்டரை வைத்துப் பாதுகாப்பாக எப்படிக் கண்டுபிடிப்பது?