வானப்பிரஸ்தம்: கானுறைவா, கானேகு நிலையா?

வணக்கம். வாழ்வின் நான்கு கட்டங்களான ஆசிரமங்களுக்குத் தமிழ்ச்சொல் வைப்பதில், பிரம்மசரியத்துக்கு மாணிநிலை, கிருகஸ்தத்துக்கு இல்வாழ்வு, சந்நியாசத்துக்குத் துறவு என்று முடித்தாயிற்று. இழுபறி, இல்வாழ்வுக்குப் பின் காடு சென்று நோற்கும் வானப்பிரஸ்தத்தில்தான். அப்படியே எழுதினால் ‘வான்’ எனப் பிரித்து விண்ணுக்குப் போய்விடுகிறார்கள். சொல்லின் வேர் வனம். ‘வனவாசம்’ என்றாலோ இராமனின் 14 ஆண்டு நினைவுக்கு வருகிறது. ‘முன்துறவு’ பொருந்துமா?

> ‘முன்துறவு’ பொருந்துமா?

பொருந்தாது ஐயா. வானப்பிரஸ்தன் வேள்வித் தீயை எடுத்துக்கொண்டே காட்டுக்குப் போகிறான் (மனுஸ்மிருதி 6:4). மனைவியை மகன்களிடம் விட்டுச் செல்லலாம், உடன் அழைத்தும் போகலாம் (6:3). குறள் 41 உரையில் பரிமேலழகரும் ‘வனத்தின்கண் தீயொடு சென்று மனையாள் வழிபட’ என்கிறார். தீயும் மனையாளும் கூடவே வர, இதில் துறவு எங்கே? ‘கானுறைவு’ என வைத்தால் ஆளுக்குக் கானுறைவோர் என்றும் வரும்.

> ‘கானுறைவு’ என வைத்தால்

தீயைப் பற்றி ஒரு திருத்தம். மனு 6:25-இல் அவனே தீயைத் தன்னுள் ஏற்றிக்கொண்டு, தீயும் வீடும் இல்லாதவனாகிறான். அடுத்த பாட்டில் மரத்தடிதான் இருப்பிடம். ஆகவே வரையறையில் ‘தொடக்கத்தில் தீயோடு’ என்று இருக்கட்டும்.

கானுறைவில் வேறு சிக்கல். புறநானூறு 33 ‘கான் உறை வாழ்க்கைக் கதநாய் வேட்டுவன்’ என்றே தொடங்குகிறது. வேட்டுவனுக்குக் காடுதான் ஊர். இங்கே பேச்சு, வீட்டை விட்டுக் காட்டுக்குக் கிளம்புபவனைப் பற்றியது. ‘பிரஸ்த’ என்பதிலும் அந்தப் புறப்பாடு இருக்கிறது. கானேகு நிலை என்போம். இராமனும் கானேகியவன்தானே என்பீர்கள். ‘நிலை’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் வராது. பரிமேலழகர் உரைப்பாயிரத்தில் ‘பிரமசரியம் முதலிய நிலைகள்’ என்று ஆசிரமத்துக்கு எழுதிய சொல்லும் அதுவே. ஆளைக் கானேகியார் எனலாம்.

> கானேகு நிலை என்போம்.

சரி, ஏற்கிறேன். பதிவில் ‘50 முதல் 75 வயது வரை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆயுளை நாலாகப் பகுக்கும் மனுவே (4:1, 6:33), வேதம் ஓதும் காலத்தை 36 ஆண்டு, அதில் பாதி, அல்லது கால்பங்கு என்கிறது (3:1). 8 வயதில் பூணூல் போட்டு 36 ஆண்டு ஓதினால் மாணிநிலை முடியவே 44 ஆகிவிடும். நூறு வயதை 25, 25-ஆக வெட்டும் அட்டவணை அங்கேயே உடைகிறது. காட்டுக்குப் போக வயதைச் சொல்லவில்லை, அடையாளத்தைச் சொல்கிறது (6:2). வரைவு இப்படி:

கானேகு நிலை: தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையும் கண்ட இல்வாழ்வான், மனைவியோடோ அவளை மக்களிடம் விட்டோ, தொடக்கத்தில் வேள்வித் தீயோடு காடு சென்று நோற்கும் மூன்றாம் ஆசிரமம்.

வானப்பிரஸ்தம், வானப்பிரத்தம் இரண்டையும் தேடுசொல்லாகச் சேர்த்துவிடுங்கள். உரைகளில் பார்த்துவிட்டுத் தேடுகிறவர் அந்த வடிவத்தில்தான் தட்டுவார்.